கிணற்றுச் சுவரின் மேல் வந்து உட்கார்ந்தது

காலையில் முகம் கழுவத் தோட்டத்துப் பக்கம் போன கன்னியப்பன், கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டார்.

“அமிர்தம், சீக்கிரம் வா. திரும்பவும் வந்துக்குது.”

அமிர்தவல்லி அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடினாள். கிணறு இருந்தது, துவைக்கிற கல் இருந்தது, பப்பாளி மரம் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கோட்டை மலையடிவாரத்துப் பாறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. கிணற்றுச் சுவரின் மேல் எதுவும் இல்லை.

“எங்க?”

“நீ தடதடன்னு ஓடியாந்த சத்தத்துல எறங்கிப் போயிடுச்சு. மூஞ்சி கருப்பு. பூனைன்னும் சொல்ல முடியல, நாயின்னும் சொல்ல முடியல. வாலு இம்மா நீளம்.” செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். கை நடுங்கியது.

உள்ளே பால் பொங்கி வழிந்தது.

கன்னியப்பன் அரசு பஸ் டிரைவராக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அமாவாசை தோறும் மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸை அந்தக் கூட்டத்துக்குள் ஓட்டியவர். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்தவரில்லை. குடிப்பதில்லை. இல்லாததை இருக்கிறதென்று சொல்கிற ஆளுமில்லை. ஆனால் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு வலது கை நடுங்கத் தொடங்கியது. நடை குறுகிப்போனது. தூக்கத்தில் கையையும் காலையும் வீசினார். அமிர்தவல்லிக்கு ஒருமுறை தாடையில் அடி விழுந்தது. வேலை இல்லாத உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் இந்தப் பிராணி வர ஆரம்பித்தது. அவரைத் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை.

அவருடைய தம்பி பாவாடை அடுத்த தெருவில் இருந்தான். விஷயம் கேள்விப்பட்டு வந்தவன், அண்ணன் தூங்குகிறார் என்று நினைத்துக் கூடத்தில் உட்கார்ந்து பேசினான்.

“அண்ணி, நைனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. மொதல்ல கொல்லையில நாயி நிக்குதுன்னாரு. அப்புறம் ஆளுங்க நிக்கிறாங்கன்னாரு. கடைசியில நாங்க பட்ட பாடு உங்களுக்கே தெரியும். இது காத்து கருப்பு சமாச்சாரம். வர அமாவாசைக்கு மலையனூருக்கு இட்டுனு போயிடலாம்.”

மாமனாரின் கடைசிக் காலத்தை அமிர்தவல்லி மறக்கவில்லை. வல்லத்துப் பக்கம் ஊரில், மாட்டுக் கொட்டகைத் தூணில் அவருடைய காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏரிப் பக்கம் ஓடிவிடுகிறார் என்பதால். கட்டை அவிழ்க்கச் சொல்லி, கல்யாணமாகி வந்த புதுப் பெண்ணான இவளிடம் அவர் கைகூப்பியிருக்கிறார்.

பாவாடை போன பிறகு உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“என்னையும் கட்டிப் போடப் போறீங்களா?”

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவள் அருகே போய் நின்றாள்.

“அமிர்தம், அது நெசமாவே வருது. நான் பொய் சொல்லல.”

“நீங்க சொல்றத நான் நம்புறன்.”

“நீ நம்பி இன்னா ஆகப் போவுது?” என்றார்.

அன்றைக்கு அவள் முடிவு செய்தாள். அது வருவது நிஜமென்றால் அதைப் படம் பிடித்து நாலு பேர் முன்னால் வைப்பது. வைத்துவிட்டால் அவர் சரியாக இருக்கிறார் என்று ஆகிவிடும். படம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதை அவள் யோசிக்கவே மறுத்தாள்.

முதலில் போனில் எடுத்துப் பார்த்தாள். கிணறு நகத்தளவு தெரிந்தது. விரலால் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. சென்னையில் இருக்கும் மகள் பூங்குழலிக்குப் போன் போட்டாள். மருமகன் கோட்டையைப் படமெடுக்கவென்று வாங்கி, இரண்டு தடவை மலை ஏறியதோடு ஆசை தீர்ந்து, இங்கேயே விட்டுப்போன கேமரா ஒன்று பீரோவின் மேல் இருந்தது.

“அத நான் எடுத்துக்கட்டுமா?”

“எடுத்துக்கோம்மா. ஆனா உனக்கு எதுக்கு கேமரா? நைனா நல்லாதான இருக்காரு?”

“நல்லா இருக்காரு. பொழுது போவல, குருவி கிருவி எடுக்கலாம்னு.”

கேமராவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆனந்தராஜிடம் போனாள். அவன்தான் பூங்குழலியின் கல்யாணத்துக்குப் படமெடுத்தவன்.

“குருவியா? யக்கா, எனக்குப் பொண்ணு மாப்பிள்ளையை நிக்க வச்சுதான் எடுக்கத் தெரியும். குருவி சொன்ன பேச்சு கேக்காதே!” என்று சிரித்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

வெளிச்சம் குறைவென்றால் கூட்ட வேண்டிய எண் எது, ஓடுகிற ஒன்றை நிறுத்திப் பிடிக்க எந்த எண்ணை ஏற்ற வேண்டும் என்று காட்டினான். விடியற்காலையில் இரண்டும் ஒன்றோடொன்று முரண்டு பிடிக்கும் என்றான். ஒன்றைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகும், மற்றதைக் குறைத்தால் கலங்கிப் போகும். பிளாஷ் போட்டால் மிருகம் மறுபடி அந்தப் பக்கமே வராது. கண்ணில் போகஸ் வைக்க வேண்டும், கண் சரியாக விழுந்தால் மற்றது எப்படி இருந்தாலும் படம் நிற்கும்.

“தெனமும் ஒரே எடத்துல உக்காருங்க. ஒரே பொடவையா இருந்தாலும் பரவால்ல. நீங்க அங்க இருக்கிற சாமான் மாதிரி ஆயிடணும்.”

குளியலறையின் கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் கிணற்றுச் சுவர் நேராகத் தெரிந்தது. அதற்குள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தாள். ஈரத் தரையும் பினாயில் வாசனையும் கொசுவும். முதல் வாரம் கிடைத்ததெல்லாம் வெறும் சுவர், அணிலின் வால், பறந்துபோன எதனுடையதோ நிழல். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒரு காலை முழுக்க எடுத்திருந்தாள். அதைக் கண்டுபிடித்தபோது குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

போகப் போகக் கை பழகியது. முழங்கையை முழங்காலில் ஊன்றினால் ஆட்டம் குறைகிறது. மூச்சை விட்டுவிட்டு, அடுத்ததை இழுப்பதற்குள் அழுத்த வேண்டும். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக வந்து கத்தினால் பக்கத்தில் எங்கேயோ கீரி இருக்கிறது. பாறையில் வெயில் விழுந்தவுடன் உடும்பு தலையை நீட்டும். இருபது வருஷமாகத் துணி துவைத்த இடத்தில் இவ்வளவு நடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்ததே இல்லை. ஒருநாள் செம்போத்தின் சிவந்த கண் அப்படியே கூர்மையாக விழுந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம் வந்தது. உடனே தன் மேலேயே எரிச்சலும் வந்தது. இதற்கா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்?

எடுத்ததையெல்லாம் கன்னியப்பனிடம் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொல்வார்: “இது இல்ல.”

இதற்கிடையில் அவர் ஒருநாள் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போய், வீட்டுக்கு வழி தெரியாமல் திண்டிவனம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தார். அந்த ரோட்டில் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். தெரிந்த கண்டக்டர் ஒருவர் பார்த்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். மறுநாள் தெளிவாக இருந்தார். பேப்பர் படித்தார், கணக்காகப் பேசினார். அதற்கடுத்த நாள் சட்டைப் பொத்தான் போடத் தெரியவில்லை.

அமாவாசை நெருங்கியது. பாவாடை வண்டிக்குச் சொல்லிவிட்டதாக வந்து சொன்னான். அன்று மத்தியானமே அவள் ஸ்டுடியோவுக்குப் போனாள். கடையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஆனந்தராஜ் ஒரு கல்யாண ஜோடியைப் பனி மலைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தான்.

“தம்பி, இந்த மாதிரி என் படத்துலயும் செய்ய முடியுமா?” என்று காலிச் சுவர் இருந்த ஒரு படத்தைக் காட்டினாள். “கருப்பு மூஞ்சி, நீட்டு வாலு. நெட்டுல தேடுனா இருக்கும். அந்தச் சுவத்து மேல உக்கார வச்சுக் குடு.”

ஆனந்தராஜ் நாற்காலியைத் திருப்பினான். அப்போதுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிப் போட்ட மாமனாரை, மலையனூரை, கட்டிலில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்வியை.

“ரெண்டு நிமிஷ வேலைதான் யக்கா,” என்றான் மெதுவாக. “செஞ்சு தரேன். ஆனா அண்ணன்கிட்ட அதக் காட்டுவீங்களா?”

அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் கிணற்றுச் சுவரின் மேல் எச்சம் கிடந்தது. கருப்பாக, விரல் நீளத்துக்கு. குச்சியால் கிளறிப் பார்த்தாள். பப்பாளி விதை, சீத்தாக் கொட்டை. நாய் இதைத் தின்னாது. குரங்கு இப்படி ஒரே இடத்தில் போட்டு வைக்காது. பழுத்த பப்பாளியில் பாதியை அறுத்து, விதையோடு, சுவரின் அந்த முனையில் வைத்தாள்.

பழம் காணாமல் போனது. மறுபடி வைத்தாள். மறுபடியும் போனது. அவள் எழுந்து வருவதற்கு முன்பே அது வந்து போய்விடுகிறது. அமாவாசைக்கு முந்தின விடியற்காலை, வழக்கத்தைவிட முன்னதாகவே வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். மலையின் விளிம்பு வெளுத்தது. கேமராவில் பார்த்தால் இன்னும் இருட்டுதான். வெளிச்சத்துக்கான எண்ணைக் கடைசிவரை ஏற்றினாள். கால் மரத்துப்போனது.

சத்தமே இல்லாமல் அது சுவரின் மேல் இருந்தது. எப்போது ஏறியது என்று தெரியவில்லை. கரிய முகம், சாம்பல் உடம்பு, பின்னால் தொங்கிய வால். பப்பாளியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு தின்றது. அவள் அழுத்தினாள். கலங்கல். இன்னொன்று, அதுவும் கலங்கல். அது தலையைத் தூக்கிக் கதவிடுக்கைப் பார்த்தது. தின்பதை நிறுத்தி அசையாமல் நின்றது. மூச்சை முழுதாக விட்டுவிட்டு அழுத்தினாள்.

கண் கூர்மையாக விழுந்திருந்தது.

ஓடிப்போய் அவரை எழுப்பினாள். கேமராவை அவர் மடியில் வைத்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார்.

“சொன்னன் இல்ல?” என்றார்.

பாவாடையை வரச்சொன்னாள். அவன் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். “மரநாயி! அடப்பாவி, கோட்டைப் பாறையில இருந்து எறங்கி வருது போல,” என்றான். அண்ணனிடம் போய், “தப்பா நெனச்சுட்டண்ணா,” என்றான். வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அமிர்தவல்லி கறிக்குழம்பு வைத்தாள். ஆனந்தராஜுக்குப் படத்தை அனுப்பினாள். அவன் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மத்தியானமே கொண்டுவந்து கொடுத்தான்.

எல்லோரும் போன பிறகு கன்னியப்பன் அந்தப் பிரிண்டை ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் அமிர்தம், பொண்ண வுட்டுட்ட?”

“எந்தப் பொண்ணு?”

“பக்கத்துல குந்தினு இருக்குமே, பச்சைப் பாவாடை கட்டினு. அதும் கூடத்தான தெனமும் வருது? பூனையை மட்டும் எடுத்துக்குற, பாவம் அது இன்னா நெனச்சுக்கும்?”

அவள் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“எத்தினி நாளா வருது?”

“மொதல்ல இருந்தே. நான் சொல்லல. சொன்னா பயப்படுவ.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. படம் கூடத்துச் சுவரில் தொங்கியது. வருகிறவர்கள் பார்த்து, கன்னியப்பனுக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் தலையாட்டினாள். பகலெல்லாம் அவர் கூடவே நடந்தாள். படம் கிடைக்காமலே போயிருந்தால் இந்நேரம் யாராவது எதையாவது செய்திருப்பார்கள். இப்போது எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருக்க அவளே ஒரு சாட்சியைத் தயார் செய்து மாட்டி வைத்திருக்கிறாள். பச்சைப் பாவாடையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பூங்குழலியின் போனை எடுப்பாள். “நைனா நல்லா இருக்காரு” என்றுதான் வாயில் வரும்.

ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தோட்டத்தில் அவர் பேச்சுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

“புடிச்சிக்கோ... கையப் புடிச்சிக்கோ கண்ணு... தோ வந்துட்டன்...”

கன்னியப்பன் கிணற்றுச் சுவரின் மேல் வயிற்றை அழுத்திக் கவிழ்ந்திருந்தார். ஒரு கால் ஏற்கெனவே சுவரைத் தாண்டிவிட்டது. இரண்டு கையும் உள்ளே தொங்கின. அமிர்தவல்லி எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. இடுப்பு வேட்டியைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். இருவரும் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தார்கள். அவள் முழங்கை கிழிந்தது.

“வுடுடி! பொண்ணு உள்ள வுழுந்துடுச்சு! வுடு!”

“இல்லங்க. இல்ல. யாரும் இல்ல.”

“நீ பாக்கல. உனக்குத் தெரியாது. நீ எப்பவும் பாக்கறதில்ல!”

அவர் அவளை அடித்தார். அவள் விடவில்லை. அடித்து ஓய்ந்து அவர் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “செத்துப் போச்சு அமிர்தம், செத்துப் போச்சு,” என்று அழும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று ராத்திரி பூங்குழலியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் முதல் பஸ்ஸில் வந்தாள். மூவரும் பாண்டிச்சேரியில் நரம்பு டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவரை நடக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய்க் குவிந்தன. தூக்கத்தில் கை வீசுவாரா, ஒருநாள் தெளிவும் ஒருநாள் குழப்பமுமாக இருப்பாரா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். அமிர்தவல்லி கேமராவை நீட்டினாள்.

“இது நெசம் டாக்டர். இது நெசமாவே வந்துது.”

டாக்டர் படத்தைப் பார்த்தார். “ரொம்ப நல்லா எடுத்திருக்கீங்க. இது இருக்கு. அந்தப் பொண்ணு இல்ல. ஆனா ரெண்டையும் அவரு மூளை ஒரே மாதிரிதான் காட்டுது. அவரு பொய் சொல்லல, அவருக்குப் பைத்தியமும் இல்ல. மூளையில வர ஒரு வியாதி. அவங்க அப்பாவுக்கும் இதுவே இருந்திருக்கலாம், இப்ப உறுதியா சொல்ல முடியாது.”

“சரியாயிடுமா?”

“சரியாகாது. மாத்திரையில கொஞ்சம் குறையும். போகப் போக அதிகமாகும். தூக்க மாத்திரை எதையும் நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க, அவருக்கு ஆபத்து. இல்ல இல்லன்னு சண்டை போடாதீங்க. கட்டி வைக்காதீங்க.”

திரும்பி வரும்போது அவர் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் கியர் மாற்றுவதைக் கவனித்துக்கொண்டே வந்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பூங்குழலி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

விஷயம் தெரிந்த பாவாடை மறுநாள் வெல்டிங் ஆளோடு வந்து கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டு, பூட்டும் மாட்டினான். சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குப் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான்.

மாத்திரையில் அழுகை குறைந்தது. பெண் வருவது நிற்கவில்லை. ஆனால் கன்னியப்பன் இப்போது அமிர்தவல்லியைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அமிர்தம், அங்க அது இருக்குதா?”

அவள் இல்லையென்று சொல்வதில்லை. கேமராவை எடுத்து அவர் காட்டுகிற பக்கம் ஒரு படம் எடுத்து அவரிடம் கொடுப்பாள். அவர் பார்ப்பார். நிமிர்ந்து தோட்டத்தைப் பார்ப்பார். திரும்பப் படத்தைப் பார்ப்பார். சில நாள் “இல்ல” என்று அவரே சொல்வார். சில நாள் படத்திலேயே அந்தப் பெண் இருக்கிறாள் என்பார். அந்த நாட்களில் அமிர்தவல்லி கேமராவை அணைத்துவிட்டு, “சரி, குளிருதான்னு கேளுங்க,” என்பாள்.

மழைக்காலம் ஆரம்பித்த ஒரு காலையில் காபி கொண்டுபோனவளை, அவர் டம்ளரை வாங்கிக்கொள்ளாமல் பார்த்தார்.

“நீ யாரு?”

“அமிர்தங்க.”

“அமிர்தம் மாதிரிதான் இருக்குற.” அவர் பார்வை அவள் முகத்தில் நின்று நின்று நகர்ந்தது. பயந்திருந்தார். “அந்தக் கேமராவக் குடு.”

கொடுத்தாள். எங்கே அழுத்த வேண்டும் என்று விரலை எடுத்து வைத்தாள். அவர் சொன்னபடி வாசற்படிக்குப் போய் நின்றாள். அவருடைய கை நடுங்கி, கேமரா மேலும் கீழும் ஆடியது. நெடுநேரம் ஆனது. கிளிக் என்றது.

அவர் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“கலங்கிப் போச்சு,” என்றார். பிறகு, “ஆனா இருக்குற.”

காபியை வாங்கிக் குடித்தார். சாயங்காலம் மறுபடியும் அவள் யாரென்று கேட்டார். அவள் கேமராவை அவர் கையில் வைத்துவிட்டு, மறுபடியும் போய் நின்றாள்.